ஒடித்த கையும் ஓடிப்போன வண்டியும்

(மாவட்ட நூலக அரங்கில் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. குறுக்கே வந்த இருசக்கர வாகனத்தின் மீது மோதாமல் இருக்க ஓட்டுநர் காரைத் திடீரெனத் திருப்பினார்; கார் கட்டுப்பாட்டை இழந்து சாலையோரப் புளியமரத்தில் மோதியது; இத்தனை பேருக்குக் காயம்; போலீசார் விசாரித்து வருகின்றனர். அதோடு செய்தி முடிந்துவிடும். குறுக்கே வந்தவர் யார், எங்கே போனார் என்பது மறுநாள் பத்திரிகையிலும் வராது. அவர் வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் உயிரைக் காப்பாற்றியவரோ அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். வழக்கும் அவர் பேரில்தான் பதிவாகிறது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறவன் நான். இப்படிப்பட்டவர்களைக் கட்டுப்போட்ட கையோடும் ஊன்றுகோலோடும் என் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பது பணத்தைப் பற்றி அல்ல. "சார், நான் ஸ்டியரிங்கை ஒடிச்சது தப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அரை நொடியில் ஒரு மனிதன் செய்ததை ஆற அமர யோசிக்கிறவனின் அளவுகோலால் அளக்கக் கூடாது. சட்டமும் அப்படி அளக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த நியாயம் தானாக நடந்து வந்து நம் வாசலில் நிற்காது. விபத்து நடந்த பிறகு வரும் சில மணி நேரத்தில் நாம் செய்வதும் சொல்வதும்தான் அதைக் கொண்டுவந்து சேர்க்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவில் அந்த ஆண்டு வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த அறிக்கையில் விபத்துகளை வகை பிரித்துப் போட்டிருக்கிறார்கள்: நேருக்கு நேர் மோதல், பின்னால் மோதல், சாலையை விட்டு ஓடியது, நிலையான பொருளில் மோதியது, கவிழ்ந்தது என்று. சாலையை விட்டு ஓடிய வண்டி எதைத் தவிர்க்கப்போய் ஓடியது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

நம் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாகத் திருச்சி போகும் நான்குவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் வயல். முறையான திருப்பம் தொலைவில் இருக்கிறது. மாட்டுத்தீவனம் ஏற்றிய டிவிஎஸ் 50-ஐ அவ்வளவு தூரம் ஓட்டிப்போய்த் திரும்பி வர ஒரு விவசாயிக்கு மனம் வருவதில்லை. மீடியனில் அரளிச்செடிகளுக்கு நடுவே யாரோ உடைத்துவைத்த சந்து வழியாகச் சட்டென்று நுழைகிறார், அல்லது ராங் சைடில் வருகிறார். நான் அவரைத் திட்ட வரவில்லை. அவருடைய ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போன சாலை, கடக்க வழி வைக்காமல் போய்விட்டது. ஆனால் அவர் நுழையும் அந்த நொடியில் அங்கே வந்துகொண்டிருக்கும் காருக்கு என்ன வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ராத்திரியில் பார்க்கிங் விளக்குகூடப் போடாமல் நிற்கும் டிரெய்லர், தார்ச் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும் மாடு, பாதிச் சாலையில் காயப்போட்ட உளுந்தும் அதன் மேல் பறக்காமல் இருக்க வைத்த கருங்கல்லும், தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கிப் பிரேக் பிடிக்காமல் வரும் லாரி, எல்லாமே ஓட்டுகிறவரிடம் அதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். எதிரே இருப்பது ஆபத்து என்று கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கில் பதிய ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 42 மீட்டர் போய்விடும். அதன்பின் நல்ல டயரோடு உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் 97. அதே கார் 60-இல் வந்தால் 25-உம் 20-உமாகச் சேர்ந்து 45 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும்.

இதே கணக்கை ஒடிப்பதற்கும் போடலாம். ஒரு காரை இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடியும் நேராக்க, அழுத்தமாக ஒடித்தால் ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 40 மீட்டர். நிற்க 55, விலக 40. அதாவது வேகம் கூடக்கூட ஒடிப்பதுதான் குறைந்த தூரத்தில் முடியும் என்று தோன்றும். ஓட்டுநரின் கை அதைக் கணக்குப் போடாமலே தெரிந்துவைத்திருக்கிறது. அதனால்தான் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே கை திரும்பிவிடுகிறது. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

ஆனால் கணக்கில் இன்னொரு பாதி இருக்கிறது. விலகுவதோடு வேலை முடிவதில்லை. விலகிய வண்டியை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டும். முதல் திருப்பலில் எடை முழுவதும் ஒரு பக்கச் சக்கரங்கள் மேல் சாய்ந்திருக்கும். இரண்டாவது திருப்பலில் அது மறுபக்கம் வீசும். பெரும்பாலும் வண்டி கவிழ்வது இந்த இரண்டாவது திருப்பலில்தான். ஏழு பேர் உட்கார்ந்து, மேலே கேரியரில் கோயில் சாமான் கட்டிய உயரமான வண்டியும் மொட்டை டயரும் என்றால் சொல்ல வேண்டியதே இல்லை.

பெரிய நிறுவனங்களே இதில் பாடம் படித்திருக்கின்றன. சுவீடன் நாட்டில் காட்டிலிருந்து மூஸ் என்னும் பெரிய மானினம் சாலைக்குள் திடீரென்று வரும். அதைத் தவிர்க்க ஒடித்துத் திரும்பவும் நேராக்கும் சோதனை அந்நாட்டில் நெடுநாளாக உண்டு. 1997 அக்டோபரில் ஒரு சுவீடியக் கார்ப் பத்திரிகை அந்தச் சோதனையை மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரில் செய்தபோது கார் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்திவைத்தது. சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பை அந்தக் காரில் எல்லாருக்கும் பொருத்தித் தந்தது. சிறிய கார்களுக்கும் அந்தத் தொழில்நுட்பம் பரவியதில் அந்தக் கவிழ்வுக்குப் பங்கு உண்டு. பயிற்சி பெற்ற சோதனை ஓட்டுநரே கவிழ்ந்த ஒரு செயலை, தூக்கம் கலைந்த நள்ளிரவில் நம்மூர் டிரைவர் பிசகில்லாமல் செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நேராகப் பிரேக் பிடியுங்கள். முழுப் பலத்தோடு பிடியுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் அதிரும். பிரேக் கெட்டுவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கத்தான் அந்த அதிர்வு. பிரேக் பிடித்துக்கொண்டே திருப்பவும் முடிகிறது என்பதுதான் அதன் பெரும்பயன். நாய், கீரி, முயல் போன்றவற்றுக்காக நெடுஞ்சாலை வேகத்தில் ஒடிக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கும் மனம் வலிக்கிறது. பின்னால் நான்கு குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துச் சொல்கிறேன். மனிதன் குறுக்கே வந்தால் கை திரும்பத்தான் செய்யும். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். உரிமத் தேர்வு விதிகளில் அவசரமாக வண்டியை நிறுத்திக் காட்டுவதும் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் நம் மைதானங்களில் எட்டுப் போட்டுக் காட்டியதோடு தேர்வு முடிகிறது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் முழு பலத்தோடு பிரேக் பிடிப்பது வாழ்நாளில் முதல் தடவையாக விபத்தின்போதுதான்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். என் மனத்துக்கு நெருக்கமான பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1816-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. குதிரைகள் பூட்டிய பயண வண்டியில் கடிவாளம் அறுந்து வண்டி தடுமாறியது. மேலே உட்கார்ந்திருந்த பயணி, கவிழப்போகிறது என்று பயந்து குதித்தார். கால் முறிந்தது. வண்டியோ கவிழவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தும் அவருக்கு இழப்பீடு கிடைத்தது. அபாயத்தை உண்டாக்கியவன் ஒருவன், அதில் சிக்கித் தவித்தவன் ஒருவன். தவித்தவன் அந்தக் கணத்தில் எடுத்த முடிவு பின்னால் பார்க்கும்போது தவறாக இருந்தாலும், அப்போது நியாயமான முடிவாக இருந்தால் போதும் என்பது அதன் அடிப்படை.

அறுபது ஆண்டு கழித்து இதைவிடக் கொடுமையான ஒரு நிகழ்ச்சியில் அதே கேள்வி எழுந்தது. 1878 செப்டம்பர் 3, மாலை. லண்டன் தேம்ஸ் நதியில் உல்லாசப் பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற நீராவிப் படகு, எதிரே வந்த 'பைவெல் காஸில்' என்ற நிலக்கரிக் கப்பலின் முன்னே குறுக்கிட்டது. கடைசி நேரத்தில் பைவெல் காஸிலின் சுக்கானைத் தவறான பக்கம் திருப்பிவிட்டார்கள். மோதிய வேகத்தில் பிரின்சஸ் ஆலிஸ் பிளந்து சில நிமிடங்களில் மூழ்கியது. இறந்தவர்கள் 600-க்கும் மேல். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இத்தனை உயிர் போன பிறகு கப்பல் தலைவனைத் தண்டித்தே ஆக வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். கீழ் நீதிமன்றம் இரண்டு கப்பல்கள் மேலும் குற்றம் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. எதிர்க் கப்பலின் தவறால் திடீர் அபாயத்தில் தள்ளப்பட்டவன், யோசிக்க நேரமே இல்லாத நொடியில் சுக்கானைத் தப்பாகத் திருப்பியதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பாதுகாப்பாக நிற்கும் கோட்பாடு அந்த நதியில் பிறந்தது என்றே சொல்வேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த அபாயத்தை உண்டாக்கியதில் அவருக்கே பங்கு இருக்கக் கூடாது. 120-இல் போனவரும், ஒரு கையில் செல்போன் வைத்திருந்தவரும் இந்தக் குடைக்குக் கீழே வர முடியாது.

நம் நாட்டில் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு கோட்பாடும் இருக்கிறது. கார் சாலையை விட்டு இறங்கிப் போய் மரத்தில் மோதிய ஒரு வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாதாரணமாக ஒழுங்காக ஓட்டினால் கார் சாலையை விட்டு மரத்துக்குப் போகாது, போயிருக்கிறது என்றால் அந்த நிகழ்ச்சியே கவனக்குறைவைப் பேசுகிறது, இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பின் வேலை. நியாயமான சட்டம்தான். ஆனால் ஒடித்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மரம் நிற்கிறது, கார் நசுங்கிக் கிடக்கிறது, டயர்த் தடம் இருக்கிறது. எல்லாமே அவருக்கு எதிராகப் பேசுகின்றன. அவருக்காகப் பேச வேண்டிய வண்டி ஓடிப்போய்விட்டது. அப்படி ஒரு வண்டி வந்தது என்று சொல்லி நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுகிறது.

நிரூபித்தால் கேட்பார்களா என்றால், கேட்பார்கள். கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் பொறியியல் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனார். முன்னால் போன கார் எந்தச் சைகையும் காட்டாமல் திடீரென்று நின்றது. அதில் மோதிச் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பஸ் காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. காரை ஓட்டியவர் சொன்ன காரணம், கர்ப்பிணியான தன் மனைவிக்கு வாந்தி வந்தது என்பது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்காமல் திடீரென்று நிறுத்துவது கவனக்குறைவே என்று சொல்லிக் கார் ஓட்டியவர் மேல் 50 சதவீதமும், பஸ் ஓட்டுநர் மேல் 30 சதவீதமும், போதிய இடைவெளி விடாத மாணவர் மேல் 20 சதவீதமும் பொறுப்பைப் பிரித்தது. மாணவருக்கு வர வேண்டிய தொகை சுமார் 91 லட்சம் ரூபாய் என்றானது. எட்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் அபாயத்தைத் தொடங்கிவைத்தவரின் பங்கு எண்ணாகவே பதிவாயிற்று. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை மறைக்க விரும்பவில்லை.

இனி, நடந்த பிறகு செய்ய வேண்டியவை. முதலில் உயிர். இன்ஜினை அணைத்து, நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, நடக்க முடிந்தவர்களைச் சாலைக்கு வெளியே, தடுப்புக்கு அப்பால் கொண்டுபோங்கள். முதல் விபத்தில் பிழைத்தவர்கள் சாலை நடுவே நின்று பேசிக்கொண்டிருந்து இரண்டாவது வண்டியில் சிக்கிய வழக்குகள் என் அலமாரியில் இருக்கின்றன. எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். நெடுஞ்சாலை வேகத்துக்கு 100 மீட்டராவது வேண்டும். ஏன் என்பதற்கான கணக்கை முன்பே பார்த்துவிட்டோம். முக்கோணம் இல்லையென்றால் மரக்கிளை. பிறகு 108. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கையில் பணம் இல்லை என்று நிற்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்தவருக்கும் அது பொருந்தும்.

உதவிக்கு வருகிறவர்கள் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைய வேண்டிவருமே என்று தயங்குகிறார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகின்றன. பெயர் சொல்ல விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் இந்த அரங்கில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒடித்தவருக்கு உங்கள் பெயர் பெரிய உதவி. "அந்த பைக் சந்துலேர்ந்து குறுக்கே வந்ததை நான் பாத்தேன்" என்று சொல்ல ஒரே ஒரு டீக்கடைக்காரர் முன்வந்ததால் ஒரு குடும்பம் தப்பியதைக் கண்டிருக்கிறேன்.

ஓட்டியவருக்கு 134 ஆவது பிரிவு கடமை விதிக்கிறது. காயப்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஆவன செய்ய வேண்டும். காவல் துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வருகிறது என்றால் அங்கிருந்து விலக அதே சட்டம் அனுமதிக்கிறது. விலகி நேரே போக வேண்டிய இடம் பக்கத்துக் காவல் நிலையம்.

இப்போது சாட்சியம். டேஷ் கேமரா இருந்தால் மெமரி கார்டை அன்றே கழற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். பெட்ரோல் பங்க், ஓட்டல், சுங்கச்சாவடி ஆகிய இடங்களின் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும். ஆகவே அவற்றைப் பாதுகாத்துவைக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக்கொடுத்து, ரசீது வாங்குங்கள். டயர்த் தடத்தையும் மீடியனில் இருக்கும் சந்தையும் சேர்த்தே தெரியும்படி போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்தால் தடம் போய்விடும். அடைத்துவிட்டால் சந்தும் போய்விடும். வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வையிடும் முன் பட்டறைக்கு இழுத்துப் போகாதீர்கள். பிரேக்கும் டயரும் நன்றாக இருந்தன என்று அவர் எழுதும் ஒரு வரி பிறகு பெரிய பலம்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கை 90 நாளில். ஆகவே ஓடிப்போன வண்டியைப் பற்றி முதல் வாக்குமூலத்திலேயே சொல்லியாக வேண்டும். நிறம், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நினைவில் இருப்பதை மட்டும், இல்லாததைச் சேர்க்காமல். மூன்று மாதம் கழித்து முதல் முறையாக அந்த வண்டி பேச்சில் வந்தால், வக்கீல் சொல்லிக்கொடுத்த கதை என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு சீக்கிரம் முடியட்டும் என்று, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க" என்று ஆலோசனை சொல்வார்கள். அலைச்சலுக்குப் பயந்து பல ஓட்டுநர்கள் அப்படியே செய்கிறார்கள். செய்யாத தவற்றைச் செய்தேன் என்று கையெழுத்துப் போடுவது அது. பிறகு அந்தக் காகிதம் தீர்ப்பாயத்துக்கு வரும், உரிமம் புதுப்பிக்கும் இடத்துக்கு வரும், வேலை கேட்கும் இடத்துக்கும் வரும். உண்மையிலேயே தவறு இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அலைச்சலைத் தாங்குங்கள்.

இழப்பீட்டில் எவருக்கு என்ன கிடைக்கும் என்பது பெரிய தனிப் பாடம். இரண்டு மூன்று செய்தி மட்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த காரில் உடன் வந்த நண்பர்களுக்கும் உறவினருக்கும் அந்தப் பாலிசி கைகொடுக்காது. முழுப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டி இறந்தால், தனிநபர் விபத்துக் காப்பு இருந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். 2018 வரை அது காருக்கு வெறும் இரண்டு லட்சமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பிறகு உயர்ந்தது. கண்டுபிடிக்க முடியாத வண்டியால் நேர்ந்த விபத்துக்கு 161 ஆவது பிரிவின்கீழ் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் உண்டு. அந்தப் பிரிவு, வண்டி மோதியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை; வண்டியின் பயன்பாட்டால் விளைந்த விபத்து என்றே சொல்கிறது. குறுக்கே வந்து ஒடிக்கவைத்துவிட்டுத் தொடாமல் போன வண்டியும் அதில் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து. இளம் வழக்குரைஞர்கள் இந்த வாதத்தை எடுத்துப் போராட வேண்டும். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடச் சொல்லும் விதியை எதிர்த்து வழக்குகள் இருக்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

காகிதமும் கோர்ட்டும் ஒருபுறம். ஒடித்தவரின் மனம் மறுபுறம். ராத்திரி கண்ணை மூடினால் அந்த ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த முகம். இடப்பக்கம் ஒடித்திருக்கலாமோ, ஒடிக்காமலே இருந்திருக்கலாமோ என்று மனம் அதே அரை நொடியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்கிறது. அந்த அரை நொடியில் இல்லாத அறிவை இப்போது வைத்துக்கொண்டு பார்க்கிறது. 1975-இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய குறிப்பை மாணவர்களுக்குக் கொடுத்து, எந்த முடிவு எவ்வளவு சாத்தியம் என்று கேட்டார். முடிவு இதுதான் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்பட்ட அந்த முடிவே அதிகம் சாத்தியமாக இருந்தது என்றார்கள். முடிவு தெரிந்தது தங்கள் தீர்ப்பை மாற்றிவிட்டது என்பதையே அவர்கள் உணரவில்லை. விசாரிக்கும் ஏட்டையாவுக்கும் மருத்துவமனைக்கு வந்து "கொஞ்சம் மெதுவா போயிருக்கலாம்ல?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கும் இதுதான் நடக்கிறது. எல்லாரையும்விட அதிகமாக, ஓட்டியவருக்கே நடக்கிறது. தூக்கமின்மையும் நடுக்கமும் அந்த இடத்தைக் கடக்கவே முடியாத பயமும் வாரக்கணக்கில் போகாமல் இருந்தால் அது பலவீனம் இல்லை, மருத்துவம் தேவைப்படும் காயம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கால் எலும்புக்குப் போகிறவர் அதே வளாகத்தில் இதற்கும் போகலாம்.

கடைசியாக, ஆக்டிங் டிரைவர்களைப் பற்றி. கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும் நாம் கூப்பிட்டு, நாள் சம்பளம் பேசி, ராத்திரி முழுக்க ஓட்டவைக்கும் மனிதர்கள். ஒடித்தது அவர் என்றால் மொத்தப் பாரமும் அவர் மேல் இறங்குகிறது. உயிரிழப்பு என்றால் உரிமத்தை வாங்கிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதோடு பிழைப்பு நின்றுபோகிறது. கார் உரிமையாளரோ பம்பருக்கும் கதவுக்கும் ஆன செலவை அவரிடம் கேட்கிறார். என் கட்சிக்காரர் ஒருவர் மனைவியின் தாலிக்கொடியை அடகுவைத்து அந்தப் பணத்தைக் கட்டியிருந்தார். அவர் ஒடித்ததால்தான் அந்த உரிமையாளரின் தாயார் இன்று உயிரோடு இருக்கிறார். கார் வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள், அதிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் கேட்காதீர்கள். ஜாமீனுக்கு நீங்களே போய் நில்லுங்கள். வண்டியில் இருந்தவர் என்ற முறையில், குறுக்கே வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அதைக் காவல் நிலையத்தில் உங்கள் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். உரிமத்தைத் திரும்பப் பெற அவர் வழக்குப் போட வேண்டியிருந்தால், வக்கீல் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் இல்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே அவரை அழைத்துப் போக ஓர் ஆள் தேவை.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வழக்குக் காகிதங்களோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வாருங்கள், பார்க்கிறேன்.